பழைய இரும்பாலையின் எச்சங்களை ஆவணப்படுத்துவது எப்படி? பரங்கிப்பேட்டையை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

பழைய இரும்பாலை இருந்த இடத்துக்கு முதன்முறை போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வேலை செய்கிறார்கள். கண்ணில் படும் பெரிய சுவரைப் பத்துப் பதினைந்து படம் எடுப்பார்கள். காலடியில் கிடக்கும் பளபளப்பான கசட்டுத் துண்டை (கசடு என்பது இரும்பை உருக்கும்போது பிரியும் கழிவு) எடுத்துப் பையில் போட்டுக்கொள்வார்கள். வீட்டுக்கு வந்து எழுத உட்காரும்போதுதான் கேள்விகள் வரும்: அந்தச் சுவர் எந்தத் திசையில் ஓடியது? கசடு சுவரிலிருந்து எவ்வளவு தள்ளிக் கிடந்தது? எடுத்த படங்களில் பதில் இருக்காது. துண்டையோ ஏற்கெனவே இடம்பெயர்த்தாயிற்று.

ஒரு பொருள் எங்கே கிடந்தது என்பதுதான் இந்த வேலையில் முதல் சான்று. பொருள் அதற்கு அடுத்ததுதான். கீழே சொல்லியிருக்கும் வரிசை முழுவதும் இதை வைத்துத்தான் அமைந்திருக்கிறது. வரிசையை மாற்றினால் சில தகவல்கள் திரும்பக் கிடைக்காமலே போய்விடும்.

உதாரணத்துக்குக் கடலூர் மாவட்டத்துப் பரங்கிப்பேட்டையை எடுத்துக்கொள்கிறேன். ஜோசையா மார்ஷல் ஹீத் 1830இல் அங்கே ஆலை தொடங்கினார். சேலம் பக்கத்துத் தாதுவை மரக்கரி கொண்டு உருக்கினார்கள். கேரளக் கரையில் உள்ள பேய்ப்பூரில் ஒரு கிளை இருந்தது. பிற்பாடு சேலம் மாவட்டத்திலும் திருவண்ணாமலையிலும் உலைகள் எழுந்தன. 1860களில் எல்லாம் அடங்கிவிட்டது. நிலக்கரி எரித்த ஆலைகளுக்கும் இதே முறைதான். வித்தியாசம் வரும் இடத்தில் பிரிட்டனின் பிளேனாவன், கோல்புரூக்டேல் ஆலைகளைக் காட்டுகிறேன்.

1. காகித வேலையை முதலில் முடியுங்கள்

களத்துக்குப் போவதற்கு முன்பே அந்த இடத்தின் பழைய பெயர்கள் அத்தனையையும் ஒரு பட்டியலாக எழுதுங்கள். பரங்கிப்பேட்டையை மட்டும் வைத்துத் தேடினால் பழைய ஆவணங்களில் அநேகமாக ஒன்றும் சிக்காது. போர்ட்டோ நோவோ, மகமூது பந்தர் என்ற பெயர்களிலும் தேட வேண்டும். மாவட்டம் அன்றைக்குத் தென்னார்க்காடு. நிறுவனத்தின் பெயரும் மாறியிருக்கிறது. 1853க்குப் பிறகு ஈஸ்ட் இந்தியா அயர்ன் கம்பெனி என்று தேடுங்கள்.

எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் வருவாய் வாரியத்தின் பழைய கோப்புகளும் மாவட்ட ஆட்சியர் அலுவலகப் பதிவுகளும் இருக்கின்றன. லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலகப் பதிவுகள் இன்னொரு பெரிய ஊற்று. இரண்டு இடத்திலும் ஆலையின் பெயரை மட்டும் தேடாதீர்கள். காட்டில் கரி சுட உரிமை, சுங்க வரி, முன்பணக் கடன், நிலக் குத்தகை ஆகிய தலைப்புகளிலும் தேடுங்கள். அன்றைய அரசுக்கு ஆலை இந்த விவகாரங்களின் வழியாகத்தான் தெரிந்திருந்தது; கோப்புகளும் அந்தத் தலைப்புகளில்தான் போயிருக்கும்.

அடுத்து நில ஆவணம். கிராம வரைபடம், எஃப்.எம்.பி. (ஒவ்வொரு புல எண்ணுக்கும் உள்ள அளவு வரைபடம்), அ-பதிவேடு (கிராம நிலங்களின் பதிவேடு) மூன்றும் வேண்டும். அ-பதிவேட்டில் அந்தப் புல எண் பட்டா நிலமா, புறம்போக்கா என்று தெரிந்துவிடும். யாரிடம் அனுமதி கேட்பது என்பதும் அதிலிருந்தே தெளிவாகும். எஃப்.எம்.பி.யில் ஓர் எல்லைக்கோடு காரணமில்லாமல் வளைந்தோ, ஒரு துண்டு நிலம் நீண்ட பட்டையாகவோ இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். மறைந்துபோன வாய்க்காலும் வண்டிப்பாதையும் பல இடங்களில் எல்லைக்கோடாக மட்டும் மிஞ்சியிருக்கும்.

2. அனுமதியும் சட்டமும்

பட்டா நிலம் என்றால் உரிமையாளரிடமும், புறம்போக்கு என்றால் கிராம நிர்வாக அலுவலர், வட்டாட்சியர் வழியாகவும் எழுத்தில் கேளுங்கள். "நாங்கள் தோண்டவில்லை, எதையும் எடுத்துப் போகவில்லை, அளந்து படம் எடுக்கிறோம்" என்ற வரி கடிதத்தில் கட்டாயம் இருக்கட்டும். புதையல் தேடுகிறவர்கள் என்ற சந்தேகம் கிளம்பிவிட்டால் அந்த ஊரில் வேலையைத் தொடர்வது கடினம்.

தோண்டுவது தொல்லியல் துறையின் அனுமதி பெற்றவர்களின் வேலை. 100 ஆண்டு கடந்த பொருள்கள் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள் வரக்கூடியவை. மண்ணில் மதிப்புள்ள பொருள் கிடைத்தால் தெரிவிக்க வேண்டும் என்பது 1878இலிருந்து இருக்கும் சட்டம். மேற்பரப்பை மட்டும் பதிவு செய்வது என்று முதலிலேயே முடிவெடுத்துக்கொள்ளுங்கள். அதிலேயே வேண்டிய அளவுக்கு வேலை இருக்கிறது.

3. எப்போது போவது, எதைக் கொண்டுபோவது

கடலூர்ப் பக்கம் வடகிழக்குப் பருவமழை முடிந்தவுடன் செடிகொடி மண்டிக் கிடக்கும். மாசி, பங்குனியில் புல் காய்ந்து தரை தெரியும். அதுதான் நல்ல காலம். காலை முதல் இரண்டு மணி நேரத்தையும் மாலைக் கடைசி இரண்டு மணி நேரத்தையும் மேடுபள்ளம் பார்ப்பதற்கென்றே ஒதுக்குங்கள். சாய்ந்த வெயிலில் அரை அடி மேடுகூட நிழல் விழுந்து தெரியும். உச்சி வெயிலில் அதே மேடு கண்ணுக்கே படாது. நடுப்பகலை அளப்பதற்கு வைத்துக்கொள்ளலாம்.

பொருள்கள்: 30 மீட்டர் டேப் இரண்டு, 5 மீட்டர் ஸ்டீல் டேப், தூக்குக்குண்டு, மூலைமட்டம், கொத்தனார்கள் பயன்படுத்தும் டியூப் லெவல், நைலான் நூல், ஆப்புகள், சிவப்பு வெள்ளை பட்டை அடித்த 1 மீட்டர் கம்பு, 10 செ.மீ. அளவுகோல், திசைகாட்டி, காந்தம், தொங்கு தராசு, பென்சில், கட்டம் போட்ட தாள், கட்டி எழுத ஒரு பலகை. பேனா வேண்டாம், வியர்வை பட்டால் எழுத்து கலைந்துவிடும். முழங்கால்வரை மறைக்கும் காலணி அவசியம். சீமைக்கருவேல முள்ளும் கண்ணாடி போன்ற கசட்டு விளிம்பும் சாதாரணச் செருப்பைக் கிழித்துவிடும். செங்கல் இடுக்கில் பாம்பு இருக்கும், மூடாத கிணறு இருக்கும், தனியாகப் போகாதீர்கள்.

4. முதல் நடை: ஒன்றையும் தொடாமல்

முதல் நாள் டேப்பை வெளியே எடுக்கவே வேண்டாம். இடம் முழுக்க நடந்து, ஒரு தாளில் கைப்போக்கில் வரைபடம் போடுங்கள். ஐந்து கேள்விகளை மனத்தில் வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். தாது எந்த வழியாக உள்ளே வந்தது? எரிபொருள் எங்கே சேர்த்துவைக்கப்பட்டது? காற்றை எது ஊதியது? உருகிய இரும்பு எந்தப் பக்கம் வெளியேறியது? கசட்டை எங்கே கொண்டுபோய்க் கொட்டினார்கள்?

இந்தக் கேள்விகள் இல்லாமல் நடந்தால் சுவர் மட்டும்தான் கண்ணில் படும். ஊதுலையில், அதாவது காற்றை ஊதி இரும்பை உருக்கும் உயரமான உலையில், தாதுவும் எரிபொருளும் சுண்ணாம்பும் மேலிருந்து கொட்டப்படும். இரும்பும் கசடும் கீழே வெளியே வரும். அதனால் உலைக்கு எப்போதும் இரண்டு தளங்கள் உண்டு. 1789இல் உருக்கத் தொடங்கிய பிளேனாவனில் உலைகளை மலைச்சரிவில் முதுகு சாய்த்துக் கட்டினார்கள். மேல்தளத்திலிருந்து நேராகக் கொட்டிவிடலாம். பரங்கிப்பேட்டை வெள்ளாற்று முகத்துவாரத்துத் தட்டை நிலம். அங்கே மலையின் உதவி கிடையாது. ஆகவே சாய்தளமோ மண்மேடோ தூக்குப் பொறியோ ஏதோ ஒன்று தேவைப்பட்டிருக்கும். இப்படிப்பட்ட இடத்தில் சும்மா கிடக்கும் ஒரு நீள மேட்டை "மண் குவியல்" என்று ஒதுக்கிவிடக் கூடாது.

செடியை வெட்டுவதும் கல்லைப் புரட்டுவதும் இந்தக் கட்டத்தில் கூடாது. சுவரில் வேர் இறங்கியிருந்தால் அந்த வேர்தான் சுவரைத் தாங்கிக்கொண்டிருக்கக்கூடும்.

5. எண் கொடுங்கள், பெயர் கொடுக்காதீர்கள்

புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். வட்டமான செங்கல் கட்டு ஒன்று தென்பட்டதும் குறிப்பேட்டில் "உலை" என்று எழுதிவிடுவார்கள். அப்புறம் வருகிற ஒவ்வொருவரும் அதை உலை என்றே நினைத்துப் பார்ப்பார்கள். அது கிணற்றுச் சுவராக இருக்கலாம், புகைபோக்கியின் அடியாக இருக்கலாம், சுண்ணாம்புக் காளவாயாகவும் இருக்கலாம்.

ஆகவே ஒவ்வோர் எச்சத்துக்கும் எண் மட்டும். எண்ணுக்குக் கீழே மூன்று பகுதிகள்: பார்த்தது, கேட்டது, ஊகித்தது. "எண் 7. பார்த்தது: செங்கல் வட்டத்தில் பாதி, உட்குறுக்களவு 2.40 மீ., நான்கு வரிசை உயரம், உட்புறச் செங்கல் கண்ணாடிபோல் உருகிப் பச்சை பூத்திருக்கிறது. கேட்டது: எதுவுமில்லை. ஊகித்தது: கடும் சூடு பட்ட இடம்." இவ்வளவு எழுதினால் போதும். ஊகம் நாளைக்கு மாறினாலும் பார்த்தது அப்படியே நிற்கும்.

செங்கல்லைப் பார்க்கும்போது நீளம், அகலம், தடிமன் மூன்றையும் குறைந்தது பத்துச் செங்கல்லிலாவது அளந்து எழுதுங்கள். ஒரே சுவரில் இரண்டு அளவு வந்தால் பழுது பார்த்திருக்கிறார்கள் அல்லது பிற்பாடு சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள் என்று பொருள். வெளிறிய மஞ்சள் நிறத்தில் கனமாக இருந்தால் கடும் சூட்டைத் தாங்கும் தீச்செங்கல்லாக இருக்கலாம். அதன் முகத்தில் அச்செழுத்து இருக்கிறதா என்று சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். காரை சுண்ணாம்பா சிமெண்டா என்பதையும் விடாதீர்கள்.

6. படம்: சுத்தம் செய்வதற்கு முன்பு

ஒவ்வோர் எண்ணுக்கும் முதலில் கிடந்தபடியே ஒரு படம். அப்புறம் தேவையென்றால் சருகைக் கையால் ஒதுக்கி இன்னொரு படம். இந்த வரிசைக்கு ஏன் இவ்வளவு அழுத்தம் என்பதற்குக் கோல்புரூக்டேல் பழைய உலையின் இரும்பு உத்தரமே சாட்சி. ஆபிரகாம் டார்பி 1709இல் கற்கரி (நிலக்கரியைச் சுட்டு எடுக்கும் எரிபொருள்) கொண்டு இரும்பு உருக்கிய உலை அது. உத்தரத்தில் இன்றைக்கு 1638 என்று தெரிகிறது. பழைய புகைப்படம் ஒன்றிலோ அது 1658. அந்தப் படம் மட்டும் இல்லாதிருந்தால் கேள்வியே எழுந்திருக்காது. எழுத்து எதைக் கண்டாலும் தேய்க்காதீர்கள், சுண்ணாம்பு பூசி எடுப்பாகக் காட்டாதீர்கள். பக்கவாட்டில் டார்ச் அடித்து நான்கு பக்கமிருந்தும் படம் எடுத்தால் போதும்.

ஒவ்வொரு படத்திலும் அளவுக்கம்பு நேராக நிற்க வேண்டும். படப் பதிவேட்டில் படத்தின் எண், எச்சத்தின் எண், எந்தத் திசை நோக்கி எடுத்தது, யார் எடுத்தது என்ற நான்கும் அங்கேயே எழுதப்பட வேண்டும். ராத்திரி எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் இரண்டு செங்கல் சுவர்களுக்கு வித்தியாசம் தெரியாது.

படங்களைச் சேர்த்துக் கணினியில் முப்பரிமாண மாதிரி செய்ய வேண்டுமென்றால் மேகமூட்டமான நேரத்தில் எடுங்கள், நிழல் நகராது. ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் முக்கால் பங்கு காட்சி பொதுவாக இருக்கட்டும். ஜூம் செய்யாமல் மூன்று உயரங்களில் சுற்றிவர வேண்டும். மெஷ்ரூம், வெப்ஓடிஎம் போன்ற இலவச மென்பொருள்களே போதும். ஆனால் நீளம் தெரிந்த இரண்டு மூன்று அளவுக்கோல்கள் காட்சிக்குள் இல்லையென்றால் மாதிரி அழகாக வரும், அளவு வராது. ட்ரோன் பறக்கவிடுவதென்றால் 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளையும், எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தையும் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

7. அளப்பது

கைபேசி ஜி.பி.எஸ். திறந்தவெளியிலேயே சில மீட்டர் தவறும்; மரத்தடியில் இன்னும் மோசம். இடத்தைக் கண்டுபிடிக்க அது போதும், வரைபடம் போடப் போதாது. அதனால் நகராத இரண்டு மூன்று அடையாளங்களைத் தேர்ந்தெடுங்கள்: சர்வே கல், கோயில் மூலை, பாலத்தின் கைப்பிடிச்சுவர். எல்லா அளவும் கடைசியில் இவற்றோடு வந்து சேர வேண்டும்.

எச்சங்களுக்கு நடுவே 20 மீட்டர் நீளத்துக்கு நூல் கட்டுங்கள். அதன் இரண்டு முனைகளிலிருந்தும் ஒவ்வொரு மூலைக்கும் டேப் பிடித்தால், தாளில் காம்பஸ் கொண்டு இரண்டு வில் போட்டு அந்த மூலையைப் பிடித்துவிடலாம். வில்கள் ரொம்பச் சரிந்து வெட்டிக்கொண்டால் புள்ளி வழுக்கும்; அப்படி வரும் இடத்துக்கு வேறொரு நூல் கட்டுங்கள். செங்கோணம் வேண்டுமென்றால் 3, 4, 5 மீட்டர் முக்கோணம் இருக்கவே இருக்கிறது.

ஒரு சுவரில் பல வாசல்கள், தூண்கள் இருந்தால் டேப்பின் பூஜ்யத்தை ஒரு முனையில் வைத்து, நகர்த்தாமல் 0.85, 1.60, 3.42 என்று வரிசையாகப் படியுங்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளந்து கூட்டினால் ஒவ்வொரு தடவையும் அரை செ.மீ. பிழை சேர்ந்து கடைசியில் சுவர் நீண்டுவிடும். காற்றடிக்கும்போது டேப் தொய்யும். நடுவில் ஓர் ஆள் தாங்கிப் பிடிக்கட்டும்.

வரைபடத்தைக் களத்திலேயே போடுங்கள். முழு இடத்துக்கு 1:500, கட்டட எச்சத்துக்கு 1:50, நுணுக்கத்துக்கு 1:10. அங்கேயே வரைந்தால் பொருந்தாத அளவு அப்போதே தெரியும். மீண்டும் ஒருமுறை டேப் பிடித்தால் முடிந்தது.

8. மட்டம் எடுக்க மறக்காதீர்கள்

நீள அகலத்தோடு நின்றுவிடுகிறவர்கள் அதிகம். மேலே சொன்ன இரண்டு தளங்களுக்கும் இடையிலான உயர வித்தியாசம் உலையின் உயரத்துக்கே ஒரு கணக்குத் தரும். சாய்தளம் எந்தப் பக்கம் ஏறியது, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடியது என்பதும் மட்டத்தில்தான் தெரியும்.

இதற்கு டியூப் லெவலே போதும். குழாயில் தண்ணீர் நிரப்பி, நடுவில் காற்றுக்குமிழ் இல்லையென்று கண்ணால் ஓட்டிப் பாருங்கள். ஒரு குமிழ் தங்கினாலும் அளவு பொய்யாகிவிடும். சர்வே கல்லின் தலையை 10.00 மீ. என்று வைத்துக்கொண்டு அங்கிருந்து ஒவ்வோர் எச்சத்துக்கும் ஏற்றம் இறக்கம் எழுதி, கடைசியில் தொடங்கிய கல்லுக்கே திரும்பி வாருங்கள். 2 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் மறுபடி எடுக்க வேண்டும்.

9. கசடு: பேசத் தெரிந்த குப்பை

சுவர் போய்விடும், இரும்பைக் காயலான் கடைக்காரர் எடுத்துவிடுவார். கசடு யாருக்கும் வேண்டாம் என்பதால் கிடக்கும். சேலம் பக்கத்தில் இதில் ஒரு சிக்கல் உண்டு. கஞ்சமலையைச் சுற்றி நூற்றாண்டுகளாக நாட்டு உலைகளில் இரும்பு எடுத்திருக்கிறார்கள். அந்த உலைகளின் கசடான கிட்டமும் 19ஆம் நூற்றாண்டு ஊதுலைக் கசடும் ஒன்றல்ல.

நாட்டு உலைக் கிட்டம் கறுப்பாக, அளவுக்கு மீறிக் கனமாக இருக்கும். மேற்புறத்தில் வழிந்து உறைந்த மடிப்புகள் தெரியும். இரும்பில் கணிசமான பங்கு அதிலேயே தங்கிவிட்டதுதான் காரணம். ஊதுலையில் இரும்பு அநேகமாக முழுதும் பிரிந்துவிடுவதால் அதன் கசடு இலேசாக இருக்கும். உடைந்த முகம் கண்ணாடிபோலப் பச்சையாகவோ நீலமாகவோ சாம்பலாகவோ மின்னும். அடிப்பக்கம் குவிந்து மேற்பக்கம் தட்டையாக உள்ளங்கை அளவில் இருந்தால் அது கொல்லன் பட்டறை அடுப்பின் அடிக்கட்டியாக இருக்கலாம்.

சந்தேகம் வந்தால் எடை போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ அளவுள்ள துண்டை நூலில் கட்டித் தொங்கு தராசில் மாட்டுங்கள். 850 கிராம் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியே வாளித் தண்ணீரில் முழுக்குங்கள். துண்டிலிருந்து குமிழ் வருவது நிற்கும்வரை பொறுத்திருங்கள். இப்போது 550 காட்டினால் 850ஐ வித்தியாசமான 300ஆல் வகுக்க 2.8 வரும், ஊதுலைக் கசடு அந்த அளவை ஒட்டியது. 3.5ஐத் தாண்டினால் நாட்டு உலையை நினையுங்கள். உள்ளே ஓட்டைகள் அதிகமென்றால் எண் குறைந்து ஏமாற்றும், ஆகவே நான்கைந்து துண்டுகளைப் பாருங்கள். முடித்ததும் எடுத்த இடத்திலேயே திரும்ப வையுங்கள்.

எரிபொருளையும் கசட்டோடு தேடுங்கள். மரக்கரித் துண்டில் மர ரேகை தெரியும், விரலில் மை போல ஒட்டும். கற்கரி சாம்பல் நிறம், கடினம், முழுக்க நுண்துளை. பரங்கிப்பேட்டை போன்ற மரக்கரி ஆலையில் கற்கரி தென்பட்டால் நீராவி எஞ்சினுக்கோ பிற்காலத்துக்கோ உரியதாக இருக்கலாம். தனியாக எண் கொடுங்கள். கடலோரத்தில் சிப்பிக் குவியலும் அப்படியே. சுண்ணாம்புக்குச் சிப்பி உதவும்.

இன்னொன்று. சாலை போடவும் பள்ளம் நிரப்பவும் கசட்டை வண்டி வண்டியாக அள்ளிப் போவது எல்லா ஊரிலும் வழக்கம். கசடு பரவிக் கிடக்கிறது என்பதை மட்டும் வைத்து அங்கே உலை இருந்தது என்று எழுதக் கூடாது. குவியலின் உயரமும் சரிவும் அடுக்குகளும் சேர்ந்து வந்தால்தான் அது கொட்டிய இடம்.

10. ஊர்க்காரர்களிடம் கேட்பது

"ஐயா, இங்கே இரும்பாலை இருந்ததா?" என்று கேட்டால், வந்தவர் மனம் கோணக் கூடாது என்று "ஆமாம்" என்றுதான் சொல்வார்கள். "இந்தக் கொல்லைக்கு என்ன பேர் சொல்வீங்க? கிணறு வெட்டினப்போ என்ன வந்துச்சு? இந்தத் திண்ணைக்குச் செங்கல் எங்கேயிருந்து எடுத்தாங்க?" என்று கேளுங்கள். ஆலைச் செங்கல்லில் பெரும்பகுதி வீட்டுத் திண்ணையிலும் மாட்டுக்கொட்டகையிலும் போய்ச் சேர்ந்திருக்கும். வீட்டு அம்மா சம்மதித்தால் அங்கேயும் செங்கல்லை அளந்து எண் கொடுங்கள். குரல் பதிவுக்கு முன் அனுமதி கேட்டு, அவர்கள் சரி என்று சொல்வதையே முதல் வரியாகப் பதியுங்கள்.

11. ஆலைக்கு வெளியேயும் நடங்கள்

தாது சேலத்திலிருந்து கடலோரம் வந்தது. அப்படியானால் துறையும் படகு கட்டிய படியும் வாய்க்காலும் கரிக்கிடங்கும் ஆலையின் உறுப்புகள்தான். ஆற்றங்கரையில் குறைந்தது ஒரு கிலோமீட்டர் இரண்டு பக்கமும் நடந்து பாருங்கள். பிளேனாவனில் உலை, குடியிருப்பு, சுரங்கம், டிராம் பாதை எல்லாம் சேர்ந்த நிலப்பரப்புக்குத்தான் 2000இல் உலக மரபுச் சின்னத் தகுதி கிடைத்தது. தனி உலையாகப் பார்த்திருந்தால் அதில் பாதி விட்டுப்போயிருக்கும்.

12. கோப்பு வேலை

அன்றன்றைக்கு ராத்திரியே படங்களை இரண்டு இடத்தில் நகலெடுங்கள். அசல் படத்தைத் திருத்தாதீர்கள். வெளிச்சம் கூட்டுவதையெல்லாம் நகலில் செய்யுங்கள். கோப்பின் பெயரிலேயே ஊர், தேதி, எச்சத்தின் எண் மூன்றும் இருக்கட்டும். களத்தாள்களை அழகாகத் திரும்ப எழுதிவிட்டு அசலைத் தூக்கிப் போடுவது பெரிய நஷ்டம். அழித்து எழுதிய பென்சில் குறிப்புகளையும் அப்படியே ஸ்கேன் செய்யுங்கள்.

க்யூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் பழைய வரைபடத்தையும் எஃப்.எம்.பி.யையும் உங்கள் வரைபடத்தையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். முதல் நாள் குறித்த வளைந்த எல்லைக்கோடு எங்கே விழுகிறது என்பது இப்போது தெரியும்.

துல்லியமான ஆள்கூறுகளைப் பொதுவெளியில் போடுவதற்கு முன் யோசியுங்கள். இரும்பு மிஞ்சியிருக்கும் இடமென்றால் ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொள்வது நல்லது. முழு அறிக்கையின் ஒரு பிரதியை மாநிலத் தொல்லியல் துறைக்கும், ஒன்றை அருகிலுள்ள கல்லூரி வரலாற்றுத் துறைக்கும், ஒன்றை நில உரிமையாளருக்கோ ஊராட்சிக்கோ கொடுங்கள். அடுத்த மாசியில் அதே நின்ற இடங்களிலிருந்து, அதே திசையில், அதே அளவுக்கம்போடு மறுபடி படம் எடுங்கள். எந்தச் சுவர் எவ்வளவு சரிந்திருக்கிறது என்பதை அந்த இரண்டு வரிசைப் படங்களும் காட்டிவிடும்.